குடல் வெளியே தெரிகிறது என்று ஸ்கேன் சொன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும் "குழந்தையின் குடல் வயிற்றுக்கு வெளியே இருக்கிறது" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதுவும் பெற்றோரின் காதில் விழுவதில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் கர்ப்பத்தைக் கலைத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவுக்கு வந்துவிடுவதும் உண்டு. ஆனால், அது பாதிச் செய்திதான். எந்த வகையில் வெளியே வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எடுக்கப்படும் முடிவு, எந்தப் பக்கமாக இருந்தாலும், அவசர முடிவே.

குடல் வெளியே இருப்பது எல்லாக் கருவுக்கும் ஒரு கட்டத்தில் இயல்பானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால், 8ஆம் வாரம் வாக்கில் குடல் வேகமாக நீள்கிறது. அந்தச் சின்னஞ்சிறு வயிற்றில் இடம் போதாததால் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் புகுந்து, அங்கேயே சுழன்று, 12ஆம் வாரத்துக்குள் உள்ளே திரும்பிவிடுகிறது. ஆகவே, 9 அல்லது 10 வாரத்தில் கொடியின் அடியில் ஒரு சிறு புடைப்பைக் கண்டால், குறை என்று எழுதிவிடாமல், சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்ப்பதே முறை. கல்லீரல் மட்டும் இதற்கு விலக்கு. அது எந்த வாரத்திலும் இயல்பாக வெளியே வருவதில்லை.

12ஆம் வாரத்துக்குப் பிறகும் குடல் வெளியே இருந்தால், ஸ்கேன் செய்பவர் தேடுவது தொப்புள்கொடி வயிற்றோடு சேரும் இடத்தைத்தான். கொடி சரியான இடத்தில் சேர்ந்திருக்க, பெரும்பாலும் அதன் வலப்பக்கத்தில் ஒரு சிறு திறப்பு வழியாகக் குடல் வெளிவந்து, மேலே சவ்வு எதுவும் இல்லாமல் பனிக்குட நீரில் மிதந்தால், அது காஸ்ட்ரோஸ்கிசிஸ். அப்படியல்லாமல், தொப்புள் வழியாகவே உறுப்புகள் பிதுங்கி, ஒரு சவ்வுப் பைக்குள் அடங்கியிருந்து, கொடி அந்தப் பையின் மீதே வந்து சேர்ந்தால், அது ஓம்ஃபலோசீல். பை கிழிந்துவிட்ட ஓம்ஃபலோசீல் முதல் வகையைப் போலத் தோன்றக்கூடும் என்பதால், கொடியின் ரத்த ஓட்டத்தை வண்ண டாப்ளரில் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

படத்தில் நெருக்கமாகத் தெரியும் இந்த இரண்டின் போக்கும் வேறு வேறு. காஸ்ட்ரோஸ்கிசிஸ் 20 வயதுக்குட்பட்ட தாய்மார்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதோடு குரோமோசோம் கோளாறு சேர்ந்திருப்பது அரிது. நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் இக்குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பிழைத்துவிடுகின்றனர். ஓம்ஃபலோசீல் அப்படித் தனியாக வருவது குறைவு. இதயக் குறைகளும், டிரைசோமி 18, டிரைசோமி 13 (அந்த எண்ணுள்ள குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) போன்ற குரோமோசோம் கோளாறுகளும் அதனுடன் வரக்கூடும் என்பதால், கருவின் இதயத்துக்கு எக்கோ பரிசோதனையும், பனிக்குட நீர் பரிசோதனையும் செய்து பார்க்கிறோம். கல்லீரலும் சேர்ந்த பெரிய பையைவிட, குடல் மட்டுமே உள்ள சிறிய பையில்தான் குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பு அதிகம். சிறியதுதானே என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

கடுமையான குறையுள்ள கர்ப்பத்தை இரு மருத்துவர்களின் கருத்தின்படி 24 வாரம் வரையிலும், அதற்கு மேல் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடும் கலைக்க 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. எனவே, இந்தப் பரிசோதனைகளுக்கு அவகாசம் உண்டு. இந்த இடைவெளியில், கிரகணத்தன்று வெளியே போனாள் என்று அந்தப் பெண்ணின் மீது பழி போடும் வேலையை மாமியாரும் அம்மாவும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கர்ப்பத்தைத் தொடர்வது என்று முடிவானால், ஸ்கேன் அடிக்கடி தேவைப்படும். காஸ்ட்ரோஸ்கிசிஸ் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு இயல்பாகவே குறைவாக இருக்கும். வழக்கமான கணக்கின்படி எடையும் குறைவாகவே வரும். இருந்தாலும், அதைக் காரணம் காட்டி உண்மையான வளர்ச்சிக் குறைவைக் கவனியாமல் விட்டுவிடக் கூடாது. குடல் வீங்குகிறதா, பனிக்குட நீரின் அளவு மாறுகிறதா என்பதையும் பார்க்கிறோம். கடைசி வாரங்களில் குழந்தை கருவிலேயே இறந்துபோகும் அபாயம் சற்று அதிகம் என்பதால், அப்போது இதயத் துடிப்பையும் தொடர்ந்து கண்காணிக்கிறோம்.

பிரசவம் எங்கே என்பது அடுத்த கேள்வி. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், இந்தக் கர்ப்பத்தில் அந்த வழக்கத்தைத் தள்ளிவைத்துத்தான் ஆக வேண்டும். பெண்ணின் அம்மாவைச் சென்னைக்கு வரவழைத்துக்கொள்ளலாம். எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனையும், குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவைக் கொண்ட அரசு குழந்தைகள் மருத்துவமனையும் உள்ளன. தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர்கள் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரைப் பிரசவத்துக்கு முன்பே சந்தித்துப் பேசிவிட வேண்டும். காஸ்ட்ரோஸ்கிசிஸ் என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. கல்லீரல் அடங்கிய பெரிய ஓம்ஃபலோசீலுக்கே பொதுவாக அதைப் பரிந்துரைக்கிறோம்.

எதிர்பாராமல் வேறு ஊரில் வலி வந்து அங்கேயே பிறந்துவிட்டால், வெளியே உள்ள குடலைக் கையால் உள்ளே தள்ள முயலக் கூடாது. தொற்று நீக்கிய ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையால் குழந்தையை மார்பு வரை மூடி, ரத்த ஓட்டம் தடைபடாதபடி வலப்பக்கமாகப் படுக்கவைத்து, வயிற்றில் சேரும் காற்றை வெளியேற்றக் குழாய் செருகி, உடல் சூடு குறையாமல் உடனே அனுப்ப வேண்டும். ஈரத் துணி சுற்றினால் குழந்தை குளிர்ந்துவிடும். அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் குடல் வேலை செய்யத் தொடங்கப் பல நாட்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை ஊட்டச்சத்து ரத்தக் குழாய் வழியாகவே செல்லும். தாய் அந்த நாட்களில் பாலைத் தவறாமல் பீச்சி வந்தால்தான், வாய் வழியாகக் கொடுக்கத் தொடங்கும் நாளில் அது குழந்தைக்குக் கிடைக்கும்.