கூட்டம் சிறுக்கட்டும், சந்திப்பு பெருகட்டும்

(கேரளத்தின் இடுக்கி மலையில் நூலகப் பொறுப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மூணாறு, தேவிகுளம், மறையூர், வட்டவடை, பீர்மேடு என்று மலையின் பல பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர்களே, ஆஷா சுகாதாரப் பணியாளர்களே, அங்கன்வாடி அக்காமார்களே, நூலகத் தோழர்களே, வணக்கம்.

கொரோனா தொற்றால் 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் அடைபட்டபோது, மக்களைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதே வேலையாக இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் எழுந்தது. கூட்டமே போடக்கூடாது என்றால் இனி எப்படி? உடனே கிடைத்த பதில் ‘ஆன்லைன்’. இந்த மலைக்கு அந்தப் பதில் பாதிதான் பொருந்தியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பான பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. மின்சாரமும் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. வெளியுலகுக்கு விவரம் தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. கைபேசியை மட்டும் நம்பி ஒரு கல்வித் திட்டம் வகுக்கிறவர்கள் அந்த இரவை மனதில் வைத்துக்கொண்டு வகுக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தொற்றுக் காலத்தில் கூட்டத்தைச் சின்னதாக்க வேண்டும், சந்திப்பை அடிக்கடி ஆக்க வேண்டும். அதற்குப் புதிதாக வண்டி எதுவும் விட வேண்டாம். ரேஷன் கடை, அங்கன்வாடிச் சத்துணவு, ஆஷாவின் வீட்டு விசிட், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர், பால் வண்டி எல்லாம் ஊரடங்கிலும் நடந்தன. அவற்றோடு சேர்ந்துதான் பாடமும் செய்தியும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் போக முடியும்.

2020 ஜூன் 1 அன்று கேரள அரசு தன் கைட் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தமிழ் வழிப் பாடங்கள் பெரும்பாலும் யூடியூப் வழியாகத்தான் வந்தன. தொலைக்காட்சிக்கு ஒரு டிஷ் போதும். யூடியூபுக்கு சிக்னல் வேண்டும், ரீசார்ஜ் வேண்டும், அதோடு கைபேசி வீட்டில் இருக்க வேண்டும். அப்பா காலையில் மஸ்டருக்குக் கிளம்பும்போது அதுவும் அவர் சட்டைப் பையில் போய்விடுகிறது. ‘தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே’ என்று சிலர் சொன்னார்கள். எழுத்து வாசிப்புக்கும் வாய்ப்பாட்டுக்கும் அது உதவும். மேல் வகுப்புக்கு உதவாது, ஏனென்றால் நம் பிள்ளைகள் கையில் இருப்பது கேரளப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு. சமூக அறிவியலில் அத்தியாயமே வேறு.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. ‘போன் இருக்கா?’ என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ‘இருக்கு’ என்பார்கள். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. யாருடைய போன், எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், வீட்டுக்குள் சிக்னல் வருமா அல்லது எந்தப் பாறைமேல் ஏற வேண்டும், ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறது, வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று ஐந்து கேள்வி கேளுங்கள். இந்தப் பதில்கள் கையில் இருந்தால் எந்தப் பிள்ளைக்குக் காகிதம், எந்தப் பிள்ளைக்குப் போன், எந்தப் பிள்ளைக்கு நேரில் என்பது தானாகவே பிரிந்துவிடும்.

காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் பலரும் அலட்சியமாகச் செய்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு இரண்டே ஏ4 தாள் போதும். இரண்டு பக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம். முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, லய எண். 2 முதல் 7 வரை ஆறு நாள் வேலை. எட்டாம் பக்கம் ஆசிரியர் எழுதித் தருவதற்கு. அச்சிடும் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள்: முதல் தாளின் வெளிப்புறம் 8, 1; உட்புறம் 2, 7. இரண்டாம் தாளின் வெளிப்புறம் 6, 3. உட்புறம் 4, 5. பிரிண்டரில் தாளைக் குறுகிய ஓரத்தில் திருப்பச் சொல்ல வேண்டும். நீண்ட ஓரம் என்று விட்டுவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும், அத்தனை தாளும் வீண்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எழுத்து 18 பாயின்டுக்குக் குறையக் கூடாது. நகலிலிருந்து நகல் எடுக்கவே கூடாது. மூன்றாவது நகலில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போய், ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும். இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பிள்ளை அதை அப்படியே வாசித்துப் பழகும். எப்போதும் மூலத் தாளிலிருந்தே எடுங்கள். படத்துக்குச் சாம்பல் நிறப் பின்னணி வேண்டாம், கோட்டோவியம் போதும். மழைக்காலத்தில் மை பரவும் என்பதால் பேனா வேண்டாம், பென்சிலும் ஒரு ஷார்ப்பனரும் கூடவே போகட்டும். ஒவ்வொரு புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போக வேண்டும். இந்த மலையின் ஈரத்தில் உறை இல்லாத தாள் இரண்டு நாள்கூடத் தாங்காது.

இந்த முறை எங்கே உடைகிறது தெரியுமா? திரும்பி வருகிற இடத்தில். திங்கள் கொடுத்து சனி வாங்குகிறோம். வாங்கியதைத் திருத்தாமல் அடுக்கி வைத்தால் சில வாரத்திலேயே பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். எட்டாம் பக்கத்தில் வெறும் ‘நன்று’ போதாது. ‘4ஆம் பக்கத்தில் கடன் வாங்கிக் கழித்தது சரி, 6இல் கடன் வாங்க மறந்துவிட்டாய்’ என்று ஒரு வரி எழுதுங்கள். திருத்த முடிந்த எண்ணிக்கைக்கு மட்டும் தாள் கொடுங்கள். ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைக்கு மேல் வேண்டாம்.

அடுத்து தொலைபேசி. ஸ்மார்ட்போன் தேவையில்லை, பட்டன் போனே போதும். 2020இல் போட்ஸ்வானாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை சுமார் இருபது நிமிடம் வீட்டுக்கு அழைத்து ஒரு கணக்கைச் சேர்ந்து செய்ததோடு குறுஞ்செய்தியும் அனுப்பிய வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் அப்படி முன்னேற்றம் தெரியவில்லை. வாட்ஸாப் குழுவில் பாடத்தை அனுப்பிவிட்டு ‘வேலை முடிந்தது’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அழைக்கும் நேரம் மாலை ஆறரைக்கு மேல், அம்மா தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து கை கால் கழுவிய பிறகு. முதல் இரண்டு நிமிடம் வீட்டு நலம், அப்புறம் ஒரே ஒரு கணக்கு. பிள்ளை தாளில் போட்டதை வாயால் சொல்ல வேண்டும்.

நேரில் சேரும் குழு ஐந்து, ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். எப்போதும் அதே பிள்ளைகள், 45 நிமிடம். தொடக்க மாதங்களில் நாம் எல்லோரும் மேசையையும் தாளையும் துடைத்துக்கொண்டிருந்தோம். இந்த நோய் முக்கியமாகக் காற்றில் பரவுகிறது, பொருளைத் தொட்டுப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது பிறகு தெளிவானது. துடைப்பதில் போன உழைப்பு ஜன்னலைத் திறப்பதில் போக வேண்டும். நம் மலையில் இது எளிதில்லை. குளிருக்கும் சாரலுக்கும் பயந்து கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்வது நம் பழக்கம். எதிரெதிர்ப் பக்கம் இரண்டு திறப்பு இல்லாத அறையில் வகுப்பு வேண்டாம். திண்ணையோ கோயில் முன்மண்டபமோ மேல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கழிவறைத் தரைக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும் என்றால் லிட்டருக்கு 30 கிராம். அரை மணி நேரம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பிரித்து வைத்த பழைய மூட்டையில் வீரியம் இருக்காது. ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

உடல்நலச் செய்திக்கு எழுத்தைவிடக் குரல் நல்லது. எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உறவுக்காரர்கள் அனுப்புவது தமிழ்நாட்டு விதி. இங்கே நடப்பது கேரள விதி. அங்கே இ-பாஸ், இங்கே கோவிட் ஜாக்ரதா தளத்தில் பதிவு என்று இரண்டும் தெரியாமல் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் குமுளியிலும் சின்னாறிலும் சோதனைச் சாவடியில் நின்று திரும்பியவர்கள் ஏராளம். ஆகவே ஒவ்வொரு குரல் பதிவும் தேதியோடும் ஊரோடும் தொடங்க வேண்டும்: ‘இன்று ஜூன் 14, இது இடுக்கி மாவட்டத்துக்கு மட்டும்.’ தேதி இல்லாத பதிவு இரண்டு மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றரை நிமிடத்தில் ஒரே ஒரு செய்தி. கேட்க வேண்டிய தொலைபேசி எண்ணைக் கடைசியில் இரண்டு தடவை, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். தகரக் கூரையின் கீழ் மழை நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். அனுப்பும் முன் ஆஷா அக்கா ஒருமுறை கேட்டுச் சரி பார்க்கட்டும்.

தடுப்பூசியிலும் மொழிதான் முதலில் தடுத்தது. 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்கு கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமானபோது தளம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் ஜூன் மாதம்தான் வந்தது. அப்போது ஒரு போன் எண்ணில் நான்கு பேரைப் பதிய முடிந்ததால், உதவி மேசையில் உட்கார்ந்தவர் நான்கு நான்கு பேராக முன்கூட்டியே பட்டியல் எழுதி, ஓடிபி வரும் போனைக் கையோடு கொண்டுவரச் சொன்னால் வேலை விரைவில் முடிந்தது. பெயரை முதல் தவணைக்குக் காட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே அடிக்க வேண்டியிருந்தது. ரேஷன் அட்டையில் ஒரு எழுத்தும் ஆதாரில் வேறு எழுத்துமாக இருக்கும், இரண்டாம் தவணையில் அது தகராறானது.

பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியைச் சொல்லாமல் விடக்கூடாது. அங்குள்ள முதுவ மக்கள் தாங்களே போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி, 2021 ஜூலை வரை நோயை அண்டவிடவில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு விழிப்புணர்வு என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜீப் நிறைய ஆள் போவது கேடு. பொருளையும் தாளையும் ஊர் எல்லையில் அவர்கள் குறித்த இடத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதே சரியான பணி.

கடைசியாக அந்தக் கணக்கெடுப்பு நோட்டு. தோட்டத்தில் போன் எண்ணும் மாறும், லயமும் மாறும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று நூலகத்தில், ஒன்று அங்கன்வாடியில். அதில் பெண்களின் எண்கள் இருக்கின்றன, ஆகவே படம் பிடித்து எந்த வாட்ஸாப் குழுவிலும் போடக் கூடாது. கோடு போட்ட நோட்டுகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன, லயத்துக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள்.