மே மாச லீவுல கடலூர்ப் பக்கம் மூணு நாள்: பசங்களோட என்னென்ன பண்ணலாம்?

அடுத்த கேள்வி, சேலத்துல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "மே மாசம் மூணு நாள் கடலூர்ல தங்கப் போறோம். ஆறு வயசுலயும் பத்து வயசுலயும் ரெண்டு பசங்க, கூட முட்டி வலி இருக்கற மாமியார். பிச்சாவரம், பீச் எப்படிப் பார்க்கறது? ஊர்த் திருவிழா ஏதாவது கிடைக்குமா?" நல்ல கேள்விங்க.

ஒரு நாளைக்கு நாலு இடம்னு லிஸ்ட் போட்டு ஓடாதீங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அவ்வளவுதான். நீங்க வர்றது அக்னி நட்சத்திரத்துல. பதினோரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் பசங்களையும் பெரியவங்களையும் வெயில்ல நிறுத்தவே கூடாது. மதியத்துக்கு மேல கடல் காத்து வந்துடும்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா மேக்காத்து பலமா அடிக்கற அன்னைக்கு அது உள்ள வரவே சாயங்காலம் ஆயிடும், அதை நம்பி கிளம்பாதீங்க.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை முதல் நாள் காலையிலேயே வைங்க. கடலூர்ல இருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு 15. படகு விடறது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். டிக்கெட் கவுன்டர் திறக்கற நேரத்துக்கே போய் நின்னுடுங்க. மோட்டார் படகு எடுக்காதீங்க, துடுப்புப் படகு எடுங்க. மோட்டார் படகு அகலமான கால்வாயோட சரி. ரெண்டு பக்கமும் கிளை வந்து தலைக்கு மேல கூடுற அந்தச் சின்னச் சின்ன ஓடைக்குள்ள துடுப்புப் படகுதான் போகும். பசங்களுக்குப் பிடிக்கப் போறதும் அதுதான். சாயங்காலம் காத்து எழுந்துட்டா திறந்த தண்ணியில துடுப்புப் போடறது சிரமம், படகுக்காரர் சீக்கிரம் திரும்பிடுவார். காலையில சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டதோட விட்டுடாதீங்க. எல்லா பக்கிளும் போட்ட பிறகு, குழந்தையோட தோள் பக்கம் ஜாக்கெட்டைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. அது காது வரைக்கும் ஏறுதுன்னா பெரிய சைஸ்னு அர்த்தம். தண்ணியில விழுந்தா ஜாக்கெட் மட்டும் மேல வந்து பிள்ளை கீழ நழுவிடும். சின்ன சைஸ் கேட்டு வாங்குங்க, கேட்க வெட்கப்படாதீங்க.

உள்ள போனதும் ரெண்டு விஷயம் காட்டுங்க. சுரபுன்னை மரத்துல முருங்கைக்காய் மாதிரி பச்சையா தொங்கும் பாருங்க, அது காய் இல்ல. விதை மரத்துலயே முளைச்சு, கன்னாவே தொங்குது. விழுந்தா சேத்துல குத்தி நின்னுக்கும், இல்லன்னா மிதந்து போய் வேற எங்கயாவது வேர் பிடிக்கும். இன்னொண்ணு வெண்கண்டல். அந்த மரம் உப்பை இலை வழியா வெளியேத்தும். வெயில் ஏறின நேரத்துல இலையைக் கிட்ட வெச்சுப் பார்த்தா பொடிப்பொடியா உப்பு மினுக்கும். விரலால தடவி நாக்குல வெச்சா கரிக்கும். ஆனா எது வெண்கண்டல்னு படகுக்காரர் கை காட்டின பிறகுதான் தொடணும். ஏன்னா தில்லை மரமும் இதே காட்டுலதான் இருக்கு. அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, தோல்ல பட்டா கொப்பளிக்கும். பசங்களைக் கிளையை ஒடிக்க விடாதீங்க. பட்டுட்டா நிறைய நல்ல தண்ணியில கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போகணும்.

மாமியாருக்கு, படகுல ஏறி இறங்கறதுதான் கஷ்டம், உட்கார்ந்துட்டா பிரச்சினை இல்ல. முதல்ல அவங்களை ஏத்தி நடுப்பலகையில உட்கார வைங்க, அப்புறம் பசங்க. படகு ஆடும்போது முட்டியை ஊனி நிக்கற நிலைமை வராது.

அடுத்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச். காலை ஆறுல இருந்து எட்டரை, இல்லன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல. குளிக்கறதைவிட மணல்ல விளையாடறதுக்கே நல்ல இடம். பெரியவங்க யாராவது குழந்தைக்குக் கடல் பக்கமா நிக்கணும், கரைப் பக்கமா இல்ல. தண்ணி முட்டிக்கு மேல வேண்டாம். ரெண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கலங்கலா, நுரை கடலைப் பார்த்துப் போற மாதிரி தெரிஞ்சா அங்க இறங்கவே கூடாது. அமைதியா இருக்கேன்னு குடும்பத்தோட போய் நிக்கறது அங்கதான், இழுத்துட்டுப் போறதும் அங்கதான். மாட்டிக்கிட்டா கரையை நோக்கி எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். கெடிலம் முகத்துவாரத்துலயும், வடக்க தாழங்குடா பக்கம் பெண்ணையாத்து முகத்துவாரத்துலயும் குளிக்கவே வேண்டாம். சொறி மீன் பட்டா தேய்க்காதீங்க, கடல் தண்ணியிலயே அலசுங்க.

மீன் சாப்பிடணும்னு ஆசையா வருவீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். பெரிய வஞ்சிரம் "இன்னைக்குப் பிடிச்சது"ன்னு சொன்னா செவுளைத் தூக்கிப் பாருங்க. கழிமுகத்துல கிடைக்கற மடவை, கொடுவா, இறால், நண்டு இருந்தா அதை வாங்குங்க.

ஒரு காலைப் பொழுதைப் பண்ருட்டிக்குக் கொடுங்க, பலா சீசன். முள்ளு அகண்டு மழுங்கியிருக்கணும், தட்டினா மந்தமா சத்தம் வரணும், வாசனை காம்புப் பக்கத்துல வரணும். அறுக்கறதுக்கு முன்னாடி கையிலயும் கத்தியிலயும் தேங்காய் எண்ணெய் தடவிடுங்க. பாலு ஒட்டினா சோப்புக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும். சுளை எடுக்கற வேலையைப் பசங்ககிட்டயே விடுங்க.

இப்ப திருவிழா. ஆத்துத் திருவிழா தை 5ல, மாசி மகம் தீர்த்தவாரி மாசியில, வீராம்பட்டினம் தேர் ஆடியில. இது எதுவும் மே மாசத்துல கிடையாது. ஆனா சித்திரை, வைகாசியில இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதம், அதாவது மகாபாரதக் கதைத் திருவிழா நடக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில தீமிதி. எந்த ஊர்லன்னு தெரிஞ்சுக்க டீக்கடையில கேளுங்க, சுவர்ல ஒட்டியிருக்கற நோட்டீஸைப் பாருங்க. அதுல நாள்வாரியா பகாசுரன், அர்ச்சுனன் தபசு, படுகளம்னு போட்டிருக்கும். கூத்து பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும், ஆறு வயசுப் பிள்ளை தாங்காது. உங்களுக்கு ஏத்தது படுகளம். பெரும்பாலும் தீமிதி அன்னைக்குக் காலையில நடக்கும். மைதானத்துல துரியோதனனை மண்ணுல ஆளைவிடப் பல மடங்கு பெருசா மல்லாக்கப் படுக்க வெச்சிருப்பாங்க. பீமன் வேஷக்காரர் அந்தத் தொடையில அடிப்பார். உள்ள இருந்து சிவப்பா வரும், அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தலை முடிவாங்க. பசங்களுக்கு முன்னாடியே கதையைச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க. திடீர்னு பார்த்தா சின்னது பயந்துடும்.

சாயங்காலம் தீமிதிக்கு நின்னீங்கன்னா, காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பார்த்து அந்தப் பக்கமே நில்லுங்க. அனலும் சாம்பலும் காத்து போற பக்கம்தான் வரும். மிதிச்சு முடிச்சவங்க வெளிய வர்ற வாயிலை விட்டுத் தள்ளி நில்லுங்க, அங்கதான் கூட்டம் நெருக்கும். மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி வண்டியில இருக்கட்டும்.

பாண்டிச்சேரி வரைக்கும் போறதா இருந்தா, அங்க கடற்கரைச் சாலையில சாயங்காலம் ஆறு மணியில இருந்து காலை ஏழரை வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. மாமியார் நடக்கறதுக்கு அந்த நேரம் சரியா இருக்கும். அங்க மியூசியம் பார்க்கறதா இருந்தா திங்கள்கிழமையைத் தவிர்த்துடுங்க, அன்னைக்கு லீவு.