கேண்டிட் என்றால் வெள்ளை

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் பேசப் போனால் இப்போது முதலில் கேட்பதே, "கேண்டிட் எடுப்பீங்களா?" என்றுதான். நமக்குத் தெரியாமல் நம்மை எடுக்கிற படம். சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் வெள்ளைக்கு இரண்டு சொற்கள் உண்டு. மங்கின வெள்ளை 'அல்புஸ்'. பளிச்சென்று மின்னும் வெள்ளை 'கான்டிடுஸ்'. ஒளிர்வதைக் குறிக்கும் வினைதான் இதற்கு அடி. மெழுகுவத்தியைச் சொல்லும் கேண்டிலும் அதே வேர்தான்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தரவே வேண்டாம். மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். மேகம் மூடினால் அது அல்புஸ். உச்சிவெயிலில் கண் கூசுமே, அது கான்டிடுஸ். ஆங்கிலேயர் அதற்கு சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அங்கே கிடப்பதோ சாக் இல்லை, மேக்னசைட் என்ற வேறு தாது.

ரோமில் பதவிக்கு நிற்பவர், மேலே போர்த்தும் டோகாவைச் சாக் கொண்டு வெளுத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போவார். அவர் 'கான்டிடாட்டுஸ்', அதாவது வெள்ளை உடுத்தவர். நம்முடைய கேண்டிடேட் அங்கிருந்து வந்தவர்தான்! கி.மு. 432-இல் இப்படி வெளுப்பதற்கே தடை கொண்டுவந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தம் வரலாற்றில் எழுதுகிறார்.

ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் கேண்டிட் என்றால் முதலில் நிறம்தான். அப்புறம் அது மனதுக்குள் போனது. 18ஆம் நூற்றாண்டில் கேண்டிடான மனிதர் என்றால், அடுத்தவரிடம் குறை தேடாதவர், நல்லெண்ணத்தோடு எடைபோடுகிறவர். அந்தப் பொருள் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று அது தேய்ந்துவிட்டது. "கேண்டிடா சொல்றேன்" என்று தொடங்கி எதிரே இருப்பவர் முகம் வாடும்படி பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

நம் பாட்டிமார் "அவளுக்கு வெள்ளை மனசு" என்பார்கள். ஒளிக்கத் தெரியாதவள், வன்மம் இல்லாதவள், இரண்டும் அதற்குள் இருக்கிறது. வெள்ளந்தி என்றால் கொஞ்சம் ஏமாளி என்ற சாயல் வந்துவிடும். வெளிப்படை என்றால் பாதிதான் வரும்.

அதனால் மொழிபெயர்க்க உட்காரும்போது நான் காலத்தைப் பார்த்துக்கொள்வேன். இன்றைய பேட்டியில் கேண்டிட் வந்தால் 'ஒளிவுமறைவில்லாத' என்று எழுதுவேன். 18ஆம் நூற்றாண்டுக் கடிதத்தில் வந்தால் 'வெள்ளை மனசுக்காரர்'.