சிவப்பு சூட்டின் முதல் படி

வணக்கம். டிசம்பர் முதல் மார்ச் வரை, இருட்டிய பிறகு வானத்தைப் பார்த்தால் மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்கு ஒரு பக்கம் திருவாதிரை, மறுபக்கம் ரைஜல். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். திருவாதிரை தணல் மாதிரி செம்மஞ்சள், ரைஜல் நீலம் பூத்த வெள்ளை. எது அதிகச் சூடு?

என் பத்து வயதில் அக்கா இதைக் கேட்டாள். திருவாதிரை என்றேன். நெருப்பு சிவப்புதானே! அவள் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் என்னை ஒரு கொல்லுப்பட்டறைக்குக் கூட்டிப்போனாள். உலைக்குள் ஓர் இரும்புக் கம்பி. துருத்தி ஊத ஊத முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் செம்மஞ்சள், அப்புறம் மஞ்சள். இடுக்கியால் வெளியே எடுத்தபோது நுனி கண் கூசுகிற வெளிர்மஞ்சளாக இருந்தது. கைப்பக்கம் வர வர மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கடைசியில் வெறும் கறுப்பு. ஒரே கம்பியில் அத்தனை நிறமும்! ஆற ஆற அந்த நிறங்கள் நுனியை நோக்கி நகர்ந்தன. கடைசியாக அணைந்தது சிவப்பு. 'பழுக்கக் காய்ச்சிய இரும்பு' என்கிறோமே, அந்தச் சிவப்பு சூட்டின் முதல் படிதான். அன்றைக்குப் பார்த்த அந்தக் கம்பியைத்தான் இன்றுவரை வானத்தில் பார்க்கிறேன்.

திருவாதிரையின் மேற்பரப்பு ஏறக்குறைய 3,500 கெல்வின். சூரியன் 5,772. ரைஜல் சுமார் 12,000. கெல்வின் என்றால் செல்சியஸோடு 273 கூட்டியது, இவ்வளவு சூட்டில் அது பெரிய வித்தியாசமே இல்லை. சூடு ஏற ஏற, ஒளியின் உச்சம், அதாவது ஒளி மிக அதிகமாக வரும் நிறம், சிவப்புப் பக்கத்திலிருந்து நீலப் பக்கம் நகர்கிறது. 1893இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் இதை விதியாகவே சொல்லிவிட்டார். திரும்பவும் சொல்கிறேன்: சிவப்பு என்றால் சூடு குறைவு, நீலம் என்றால் சூடு அதிகம்.

சூடு குறைந்த திருவாதிரை பிறகு எப்படி இவ்வளவு பிரகாசம்? அதன் உருவம்தான் காரணம். சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலம்.

ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள், "பச்சை நட்சத்திரம் ஏன் இல்லை?" எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. சூரிய ஒளியின் உச்சமே நீலப்பச்சைப் பக்கம்தான். ஆனால் நட்சத்திரம் ஒரு நிறத்தை மட்டும் தருவதில்லை. உச்சம் நடுவில் இருந்தால் இரு பக்கத்து நிறங்களும் தாராளமாகச் சேர்ந்து வெள்ளையாகிவிடும். உச்சம் ஒரு ஓரத்துக்குச் சாய்ந்தால்தான் நம் கண்ணுக்கு நிறம் தெரியும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், காற்று அதைச் சிவக்க வைத்துவிடும். மங்கலானவையும் வேண்டாம். குறைந்த ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இந்திய இயற்பியலாளர் மேகநாத சாகாவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் தெரியும் கருங்கோடுகளைக் கொண்டும் சூட்டைக் கணக்கிட 1920இல் சமன்பாடு தந்தவர் அவர். அந்தக் கோடுகளைப் பார்க்கக் கருவி வேண்டும். திருவாதிரைக்கும் ரைஜலுக்கும் கண் போதும். வணக்கம்.