மண்பாண்டத்தை இடம் மாற்றினால் பொக்கிஷம் குறையாது

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘சிறந்த பாடல்களின் தொகுப்பு ஓர் இசைக்குழுவின் கலைக்கு வாழ்வா, வீழ்ச்சியா?’ என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டுள்ள வினா. வழக்கைப் பொத்தாம்பொதுவாகப் பேசிக் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக நடுவர் அவர்களே ஒரு சான்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்குழுவான ஜார்ஸ் ஆஃப் கிளே, 2008ஆம் ஆண்டு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்த தன் தொகுப்பின் வழியாக இந்த அவையின் கூண்டில் நிற்கிறது. அது அக்குழுவின் கலைக்கு வாழ்வே என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

எதிரணியின் முதல் பேச்சாளர் அழகாகப் பேசினார். ஆல்பம் என்பது ஓர் உடல், அதிலுள்ள பாடல்கள் அதன் உறுப்புகள், உறுப்பை அறுத்தெடுத்து வேறோர் உடலில் ஒட்டவைத்தால் உயிர் தங்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. இசையை நேசிக்கிற எவரும் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அந்த உவமையில் அடிப்படையான ஒரு பிழை இருக்கிறது. பாடல் உறுப்பன்று, விதை. அதிலும் ஆண்டவரை நோக்கிப் பாடப்படும் பாடல், இயற்றியவனை விட்டுப் பிரிந்து, பதிவு செய்யப்பட்ட இடத்தையும் விட்டுப் பிரிந்து, முன்பின் அறியாத ஒருவனுடைய துயரத்துக்குள் விழுந்த பிறகுதான் தன் வேலையையே தொடங்குகிறது.

இதை என் கற்பனையாகச் சொல்லவில்லை. எதிரணி நண்பர்கள் கையில் வைத்திருக்கும் வேதாகமத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். கிறிஸ்தவ இசைக்குழு எதுவானாலும் அதன் தாய்வீடு சங்கீத புத்தகம். அந்தப் புத்தகம் என்ன? தாவீதின் பெயரிலும், ஆசாபின் பெயரிலும், கோராகின் புத்திரர் பெயரிலும், மோசேயின் பெயரிலும் வழங்கிய பாடல்களைப் பல காலத்துத் திரட்டுகளிலிருந்து எடுத்து, ஐந்து பகுதிகளாக அடுக்கி, நூற்றைம்பதாக நிறைவு செய்த ஒரு தொகுப்பு! எழுபத்திரண்டாம் சங்கீதத்தின் இறுதியில் “ஈசாயின் புத்திரனாகிய தாவீதின் விண்ணப்பங்கள் முடிந்தது” என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும் தாவீதின் பெயரால் சங்கீதங்கள் வருகின்றன. முன்பு தனியே வழங்கிய ஒரு சிறு திரட்டின் முடிவுரை அது என்றும், பின்வந்தவர்கள் அதை அப்படியே காத்துப் பெருந்தொகுப்புக்குள் சேர்த்தார்கள் என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். பதினான்காம் சங்கீதமும் ஐம்பத்து மூன்றாம் சங்கீதமும் ஏறத்தாழ ஒரே பாடல். ஒன்றில் ‘கர்த்தர்’ கண்ணோக்கினார் என்றிருக்கும் இடத்தில் மற்றொன்றில் ‘தேவன்’ கண்ணோக்கினார் என்றிருக்கிறது. ஒரே பாடல் இரண்டு திரட்டுகளில் இடம்பெற்று, இரண்டு வடிவங்களுமே காக்கப்பட்டிருக்கின்றன. நூற்றெட்டாம் சங்கீதமோ ஐம்பத்தேழாம் சங்கீதத்தின் பிற்பகுதியையும் அறுபதாம் சங்கீதத்தின் பிற்பகுதியையும் இணைத்து அமைந்த பாடல். அந்த இரண்டு பழைய பாடல்களும் நெருக்கத்திலும் தோல்வியிலும் பிறந்தவை. அவற்றின் கலங்கிய முற்பகுதிகளை விட்டுவிட்டு, நம்பிக்கை ததும்பும் பிற்பகுதிகளை மட்டும் சேர்த்தபோது, துதியில் தொடங்கும் புதியதோர் எழுச்சிப் பாடல் கிடைத்தது. எடுத்து, நீக்கி, இடம் மாற்றிக் கோத்ததனால் உயிர் போகும் என்றால், நூற்றெட்டாம் சங்கீதம் செத்த பாடலா? எதிரணியினர் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

தமிழருக்கு இதை விரித்துரைக்கவும் வேண்டியதில்லை. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்களில் பாலையும், நான்கில் முல்லையும், ஆறில் மருதமும், பத்தில் நெய்தலும் வருமாறு அடுக்கியது எந்தப் புலவரும் அல்லர், தொகுத்தவர். அந்த அடுக்கும் ஒரு கலை என்பதை அறிந்த மொழி நம்முடையது.

இனி வழக்குக்கு வருகிறேன். ஜார்ஸ் ஆஃப் கிளே இல்லினாய் மாநிலத்தின் கிரீன்வில் கல்லூரியில் மாணவர்களிடையே பிறந்த குழு. “இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து தன் பெயரை அது எடுத்துக்கொண்டது. 1995இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம் வந்தது. அதிலிருந்த ‘ஃப்ளட்’ என்ற பாடல் கிறிஸ்தவ வானொலிகளின் எல்லையைக் கடந்து பொதுவான ராக் வானொலிகளில் ஒலித்தது. 1996இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் வரிசையில் முதல் நாற்பது இடங்களுக்குள் நுழைந்தது. பிறகு ‘மச் அஃப்ரெய்ட்’, ‘இஃப் ஐ லெஃப்ட் த ஜூ’, ‘தி இலெவன்த் அவர்’ என்ற மூன்று ஆல்பங்களுக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன.

டான் ஹாசெல்டைன், சார்லி லோவெல், ஸ்டீவ் மேசன், மேட் ஓட்மார்க் என்ற இந்த நால்வரில் டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவரும் இல்லை என்பதை அவையோர் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். முதல் ஆல்பத்தில், மரக் கிட்டாரின் வேகமான மீட்டலுக்கு அடியில் இயந்திரத்தில் அமைத்த தாளச் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும். 2003இல் வந்த ‘ஹூ வி ஆர் இன்ஸ்டெட்’ ஆல்பத்தில் நாட்டுப்புற இசையின் நிதானம் வந்துவிடுகிறது. 2006இல் வந்த ‘குட் மான்ஸ்டர்ஸ்’ ஆல்பத்தில், ஒரே அறையில் நின்று எல்லாரும் சேர்ந்து வாசிப்பது போன்ற முழு ராக் குழுவின் அதிர்வு கேட்கிறது. ஆண்டுக்கணக்கில் இடைவெளிவிட்டு ஒவ்வோர் ஆல்பமாகக் கேட்பவருக்கு இந்த மாற்றம் பருவம் மாறுவதைப் போலப் புலப்படாமலே நடந்துவிடும். ஒரே தட்டில் அடுத்தடுத்துக் கேட்பவருக்கோ, இருபது வயதை ஒட்டிய இளைஞனின் பதற்றமும், முப்பதைக் கடந்தவனின் கனிவும் ஒரே குரலில் ஒரு மணிநேரத்துக்குள் கேட்டுவிடுகின்றன. தனி ஆல்பம் ஒரு பருவத்தைக் காட்டும். பருவங்களுக்கு இடையில் நடந்ததைக் காட்டத் தொகுப்பே வேண்டும்.

அதை அமைப்பதும் எளிய வேலையன்று. ஒரு குறுந்தட்டில் ஏறத்தாழ எண்பது நிமிடங்களுக்கு மேல் இடமில்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கூடங்களில், வெவ்வேறு ஒலி அளவில் பதிவான பாடல்களை மாஸ்டரிங் என்னும் இறுதிக்கட்ட ஒலிச் சீரமைப்பில் ஒன்றுக்கொன்று இணங்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரு பாடல் கத்தும், அடுத்த பாடல் முணுமுணுக்கும். எந்தப் பாடலின் முடிவு எந்தப் பாடலின் தொடக்கத்தைத் தாங்கும் என்று செவியால் அளந்து வரிசை வைக்க வேண்டும். அதைச் செய்பவரை வெறும் கத்தரிக்கோல் பிடித்தவர் என்று எதிரணித் தோழர் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது.

அவர்களுடைய இரண்டாவது குற்றச்சாட்டு வணிகம். 2007இல் ‘தி எசென்ஷியல் ஜார்ஸ் ஆஃப் கிளே’ என்ற இரட்டைத் தட்டுத் தொகுப்பு வந்தது, மறு ஆண்டே ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ வந்தது, அதற்குள் குழுவோ பழைய நிறுவனத்தை விட்டு விலகி, கிரே மேட்டர்ஸ் என்ற பெயரில் தனக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது, ஆகவே இது பழைய நிறுவனத்தின் கல்லா நிரப்பும் முயற்சியே என்றார்கள். நிறுவனம் வருவாயை எண்ணித்தான் வெளியிட்டிருக்கும். இதில் மறுக்க எனக்கு எதுவும் இல்லை. ஆனால் முதல் ஆல்பத்தை மட்டும் அந்த நிறுவனம் தருமத்துக்கா வெளியிட்டது? விற்றவனின் நோக்கத்தை வைத்துக் கேட்டவனின் கண்ணீரை எடைபோடுவது முறையாகாது.

மூன்றாவது வாதத்துக்கு மட்டும் நான் நின்று விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. புகழ்பெற்ற பாடல்களை மட்டும் எடுத்தால், ஐயத்தையும் காயத்தையும் பேசுகிற அமைதியான பாடல்கள் வெளியே நின்றுவிடும், விசுவாசம் என்பது எப்போதும் வெற்றிக் களிப்பே என்ற பொய்த் தோற்றம் எழும் என்றார் எதிரணியின் மூன்றாம் பேச்சாளர். பல குழுக்களின் தொகுப்புகளுக்கு இது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘மச் அஃப்ரெய்ட்’ ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் கேட்கும்போது மனத்தில் படிகிற அந்த அச்சமும் ஏக்கமும் கலந்த சாயலை எந்தத் தொகுப்பாலும் தர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த இழப்பு உண்மையான இழப்பு. ஆனால் நம்முன் நிற்பது எல்லாக் குழுக்களும் அல்ல, ஜார்ஸ் ஆஃப் கிளே. இந்தக் குழுவுக்குப் பேர் வாங்கித் தந்த பாடல் எது? ‘ஃப்ளட்’. அது களிப்பின் பாடலா? நாள்கணக்கில் ஓயாத மழையில், மூழ்கிக்கொண்டிருப்பவன் தன்னைத் தூக்கியெடுக்கும்படி கதறுகிற பாடல் அது. பாட்டின் முடிவிலும் அவன் கரை சேர்ந்துவிட்டதாகச் சொல்லப்படவில்லை. இந்தக் குழுவைப் பொறுத்தவரை புகழ்பெற்றதே ஆழமானது, ஆழமானதே புகழ்பெற்றது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். என் வாழ்வில் இருண்டிருந்த ஒரு காலத்தில் நண்பர் ஒருவர் இந்தத் தொகுப்பை எனக்குக் கொடுத்தார். குழுவின் பெயரைக்கூட அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. அன்று அவர் பத்து ஆல்பங்களை என் மேசையில் அடுக்கிவைத்து, முறையாகக் கேட்டு வா என்று சொல்லியிருந்தால், நான் ஒன்றையும் தொட்டிருக்க மாட்டேன். ஒரு தட்டைக் கொடுத்தார். அந்த மழைப் பாட்டைக் கேட்டேன். அதிலிருந்து அது பிறந்த 1995ஆம் ஆண்டின் ஆல்பத்தைத் தேடிப் போனேன், அங்கிருந்து மற்றவற்றுக்குப் போனேன். எதிரணியினர் காக்க விரும்புகிற அந்த முழு ஆல்பங்களுக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றதே அவர்கள் வீழ்ச்சி என்று அழைக்கிற இந்தத் தொகுப்புதான்.

பாடல் பிறந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது எதிரணியின் கொள்கை. அந்தக் கொள்கை இந்தக் குழுவின் நடைமுறைக்கே ஒத்துவரவில்லை. ஆல்பங்கள் தொடங்கும் முன், 1994இல், அவர்கள் உருவாக்கிய மாதிரிப் பதிவில் ‘ஃப்ரெயில்’ என்ற தலைப்பில் சொல்லே இல்லாத ஓர் இசைக்கோவை இருந்தது. அதே ‘ஃப்ரெயில்’ 1997இல் ‘மச் அஃப்ரெய்ட்’ ஆல்பத்தில் சொற்களோடு பாடலாக வந்து அமர்ந்தது. 2005இல் ‘ரிடெம்ப்ஷன் சாங்ஸ்’ என்ற ஆல்பத்தில், தலைமுறைகளாகச் சபைகளில் பாடப்பட்ட பழைய ஞானப்பாட்டுகளை எடுத்துத் தங்கள் இசையில் பாடினார்கள். அந்தப் பாட்டுகள் பழைய பாட்டுப் புத்தகத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று யாராவது தடுத்திருந்தால், அந்த ஆல்பமே இல்லை.

இறுதியாக ஒரு செய்தியை அவையின் முன் வைக்கிறேன், இதை எதிரணியில் ஒருவரும் தொடவில்லை. 2014இல் குழு தன் இருபதாண்டுப் பயணத்தை நினைவுகூர்ந்து ‘20’ என்ற பெயரில் இரட்டைத் தொகுப்பொன்றை வெளியிட்டது. அப்போது எந்தப் பெருநிறுவனமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இணையத்தின் வழியாக ரசிகர்கள் முன்பணம் கொடுத்து ஆதரித்த முயற்சி அது. எந்தப் பாடல்கள் இடம்பெற வேண்டும் என்பதையும் குழு ரசிகர்களின் வாக்குக்கே விட்டது. தேர்வான பாடல்களைப் பழைய பதிவுகளிலிருந்து அப்படியே எடுத்துப் போடாமல், இசைக்கருவிகளின் அடர்த்தியைக் குறைத்து எளிய வடிவில் மறுபடியும் பாடிப் பதிவு செய்தார்கள். கல்லா நிரப்ப வேண்டிய நிறுவனம் இல்லை, கத்தரிக்கோல் பிடித்த அந்நியரும் இல்லை. பாடியவர்களும் கேட்டவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, இருபதாண்டுப் பாடல்களுக்குள் எவற்றை மீண்டும் பாடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

தொகுப்பு கலைக்கு வீழ்ச்சி என்றால், யாருக்கும் கட்டுப்படாத நிலையில் அந்த நால்வரும் தங்கள் விழா ஆண்டில் தாங்களே அதைத் தேடிச் சென்றது ஏன்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்தக் கேள்விக்கு விடை தந்துவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்க வேண்டும் என்று நடுவர் அவர்கள் வழியாகக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.