பார்ம்பிராக் ரொட்டிக்குள் ஒரு மோதிரம்: அயர்லாந்து ஹாலோவீனும் அமானுஷ்யக் காதல் கதைகளும்

வணக்கம் நேயர்களே. இன்று அக்டோபர் 30ஆம் தேதி. டப்ளினில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைத்துச் சில நாள்களே ஆகின்றன என்பதால், மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிட்டது. கேமராவைச் சமையலறை மேசையில் தேயிலை டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். படம் லேசாக ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை ஹாலோவீன் இரவுக்கான ரொட்டியை இன்றே சுட்டுவைக்க வேண்டும், அது அடுப்பில் வேகும் நேரத்தில் இந்தப் பருவத்தில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கும் கதைகளைப் பற்றியும் பேச வேண்டும். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அயர்லாந்தில் இரண்டும் ஒரே மேசையில் இருப்பவைதான்.

ஹாலோவீன் அமெரிக்கப் பண்டிகை என்றுதான் இங்கே குடிவரும்வரை நானும் நினைத்திருந்தேன். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில் இந்த நாட்டின் பழங்கால மக்களான கெல்டியர்கள் கொண்டாடிய சௌவின் என்ற பழைய திருநாளிலிருந்தே இது வளர்ந்தது. அந்தப் பெயரை முதல்முறை ஒருவர் சொல்லக் கேட்டபோது என் காதில் ‘சாவின்’ என்றே விழுந்தது. இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவே உள்ள கதவு அன்றிரவு திறந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பின்னால் அறிந்தபோது, தவறாகக் கேட்டதும் பொருத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்த அயர்லாந்து மக்கள்தான் இந்த வழக்கங்களைப் பெருமளவில் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே பேய்முக விளக்காகக் குடைவதற்குப் பூசணிக்காய் கிடைத்தது. இங்கே அவர்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை. மேயோ மாவட்டத்து நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில், டொனிகாலின் ஃபின்டவுன் என்ற ஊரிலிருந்து வந்த அப்படியொரு டர்னிப் முகத்தின் வார்ப்பு இருக்கிறது. பல் இளித்தபடி, தோல் சுருங்கிய கிழவரைப் போலிருக்கும் அதற்கு முன்னால் இன்றைய பூசணிக்காய் வெறும் பொம்மைதான்.

ஆனால் இந்த ஊர் ஹாலோவீனில் என்னை உண்மையில் ஈர்த்தது பேய் அல்ல, கல்யாணம். கதவு திறந்திருக்கும் இரவில் எதிர்காலத்தையும் எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தவர்கள், முதலில் தெரிந்துகொள்ள விரும்பியது யார் யாருக்கு வாய்ப்பார்கள் என்பதைத்தான். ஆப்பிளின் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவித் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினால், அது விழும் வடிவம் வரப்போகிறவரின் பெயரின் முதலெழுத்தைக் காட்டும். கணப்பு நெருப்பின் ஓரத்தில் இரண்டு கொட்டைகளை வைத்து, ஒன்றுக்குப் பெண்ணின் பெயரையும் மற்றொன்றுக்கு அவள் மனத்தில் இருப்பவனின் பெயரையும் சூட்டுவார்கள். இரண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் நல்ல குடும்பம், ஒன்று வெடித்துத் துள்ளி ஓடினால் அந்தச் சம்பந்தம் வேண்டாம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட கவிதையொன்றில் இந்தக் கொட்டைச் சோதிடம் விரிவாகவே வருகிறது. எல்லாவற்றிலும் கூர்மையானது பார்ம்பிராக் என்கிற இந்தப் பழரொட்டி. இதற்குள் மோதிரம், காசு, பட்டாணி, துணிக்கிழிசல், குச்சி ஆகியவற்றை ஒளித்துவைப்பார்கள். மோதிரம் வந்தால் ஓராண்டுக்குள் கல்யாணம், காசு வந்தால் செல்வம், பட்டாணி வந்தால் இந்த ஆண்டு கல்யாணம் இல்லை, துணி வந்தால் வறுமை. குச்சிக்கு அர்த்தம் அடிதடியும் சண்டையுமான இல்லறம் என்பதால், அதை நான் வைப்பதே இல்லை. விளையாட்டுக்குக்கூட ஒரு பெண் பிள்ளையின் தட்டில் அது விழ வேண்டாம். இப்போது கடைகளில் விற்கும் ரொட்டியில் பெரும்பாலும் மோதிரம் மட்டுமே இருக்கும்.

செய்முறைக்கு வருகிறேன். பழைய முறையில் ஈஸ்ட் சேர்த்து மாவைப் பொங்கவைப்பார்கள். நான் செய்வது ஈஸ்ட் இல்லாத, தேநீரில் ஊறவைக்கும் எளிய வகை. உலர் திராட்சை, கிஸ்மிஸ், சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்து 375 கிராம் எடுத்து, பால் சேர்க்காத நல்ல கெட்டித் தேநீர் 300 மில்லிலிட்டரில் நேற்று இரவே ஊறவைத்துவிட்டேன். இதோ, அருகில் காட்டுகிறேன் பாருங்கள்: நேற்றுச் சுருங்கிக் கிடந்த திராட்சை இன்று நாவல் பழம் போல உப்பிப் பளபளக்கிறது, பாத்திரத்தின் அடியில் இரண்டு கரண்டித் தேநீர்தான் மிச்சம். தேநீர் முழுவதும் ஆறியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகே முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் முட்டை அங்கேயே வெந்து திரிந்துவிடும். ஒரு முட்டை, 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, பட்டையும் ஜாதிக்காயும் கிராம்பும் கலந்த பொடி ஒரு தேக்கரண்டி, பிறகு பேக்கிங் பவுடர் கலந்தே விற்கிற மாவு 225 கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் அதற்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்க்கலாம். ரொட்டி சற்றே அடர்த்தியாக வரும், சுவைக்குக் குறைவில்லை. மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிளறினால் போதும். நீளமான ரொட்டி டின்னில் பட்டர் பேப்பர் விரித்து ஊற்றி, 170 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக, நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வெளிவரும்வரை வேகவிட வேண்டும்.

மோதிரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. முதல் வருடம் நான் என் மகளின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து தங்க நிற மோதிரம் ஒன்றை எடுத்து மாவிலேயே போட்டுவிட்டேன். அது பிளாஸ்டிக் என்பது, வீடு முழுக்க நாற்றம் கிளம்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது; ரொட்டியின் நடுவே மஞ்சளாக உருகி உறைந்திருந்ததைப் பார்த்த என் கணவர், இதற்குச் சோதிடத்தில் என்ன பலன் என்று வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது உலோக மோதிரத்தைக் கொதிநீரில் போட்டெடுத்து, பட்டர் பேப்பரில் பெரிய பொட்டலமாகச் சுற்றி, ரொட்டி வெந்து ஆறியபின் அடிப்பக்கம் கீறிச் செருகுகிறேன். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் துண்டைப் பெரியவர்களே முதலில் பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள். சுட்ட ரொட்டியைச் சுற்றிவைத்து மறுநாள் வெட்டினால்தான் துண்டு உதிராமல் வரும், அதன்மேல் வெண்ணெயைக் கஞ்சத்தனம் இல்லாமல் தடவ வேண்டும்.

அன்றிரவு வேடமிட்டு மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டும் குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது என்பதில் எனக்குக் கவலையே இருந்ததில்லை, ஏனென்றால் இங்கே ஹாலோவீன் பையில் சாக்லேட்டுடன் தோலோடு வறுத்த நிலக்கடலையும் விழும். அதை மங்கி நட்ஸ் என்பார்கள். நம் ஊர்த் திருவிழாவில் காகிதக் கூம்பில் வாங்கித் தின்ற அதே கடலை, சூனியக்காரி வேடமிட்ட ஏழு வயதுப் பெண்ணின் பையில் போய் விழுவதை முதல் ஆண்டு பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பலர் என்பதால், அதைத் தனிக் கூடையில் வைத்துக் கேட்டுத்தான் கொடுக்கிறேன். நம்மவர்களுக்கு இன்னொன்று: கண் வடிவிலும் புழு வடிவிலும் வரும் ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலானவை பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்ந்தவை. சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

ரொட்டி அடுப்புக்குள் போய்விட்டது, இனி கதை. அமானுஷ்யக் காதல் கதை என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது, நூறு வயதாகியும் பதினேழு வயதுக்காரனைப் போலிருக்கும் அழகிய ரத்தக் காட்டேரிதான். அவனுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி இந்த ஊரில் எழுதப்பட்டாள். டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு எழுதி 1872இல் தொகுப்பாக வந்த ‘கார்மில்லா’ குறுநாவல், ‘டிராகுலா’வுக்கு 25 ஆண்டுகள் மூத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியாப் பகுதியில் தனிமையான கோட்டையொன்றில் தந்தையுடன் வாழும் லாரா என்ற பெண்ணின் வீட்டு வாசலில், வண்டி கவிழ்ந்த விபத்தால் கார்மில்லா வந்து சேருகிறாள். இருவரும் தோழிகளாகிறார்கள். கார்மில்லாவின் அன்பு தோழமையின் எல்லையைத் தாண்டிக்கொண்டே போகிறது. லாராவுக்கு அந்த அன்பின் மேல் ஈர்ப்பும் அருவருப்பும் ஒரே நேரத்தில் எழுகின்றன, இரண்டையும் அவள் மறைக்காமல் சொல்கிறாள். இரவில் மார்பில் ஊசி குத்துவது போன்ற வலி, பகலில் இனம் புரியாத சோர்வு. மகள் வெளுத்துப்போவதைக் கண்ட தந்தை மருத்துவரை அழைக்கிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் குறுந்தொகையின் 362ஆம் பாட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கேயும் மகள் மெலிகிறாள். அணங்குதான் பிடித்திருக்கிறது என்று நம்பும் தாய், அதை விரட்டும் வெறியாட்டுச் சடங்கை நடத்த முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். ஆட்டுக்குட்டியை அறுத்துப் பலி கொடுக்கப் போகிறாயே, இவளை வருத்திய மலைநாட்டானின் மாலை அணிந்த மார்பும் அந்தப் பலியை உண்ணுமோ என்று தோழி வேலனிடம் கேட்கிறாள். அங்கே பேய் என்று நினைத்தது காதலாக இருக்கிறது. லெ ஃபானுவிடம் காதல் என்று நினைத்தது பேயாக இருக்கிறது. ஆனாலும் கார்மில்லாவின் கதை பேய் அழிந்ததோடு முடிவதில்லை. அவளுடைய கல்லறையைத் தோண்டி, மார்பில் முளை அடித்து, தலையை வெட்டி, உடலை எரித்த பிறகும், வரவேற்பறைக் கதவருகே அவளுடைய மெல்லிய காலடி கேட்பது போலிருக்கிறது என்று சொல்லித்தான் லாரா முடிக்கிறாள். அந்தக் காலடிக்கு அவள் பயப்படுகிறாளா, காத்திருக்கிறாளா என்பதை நான் நான்கு முறை படித்தும் தீர்மானிக்க முடியவில்லை.

பிராம் ஸ்டோக்கரும் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் பத்து நிமிடத் தொலைவில் உள்ள கிளான்டார்ஃபில் பிறந்தவர்தான். ஆனால் 1897இல் வந்த அவருடைய ‘டிராகுலா’ நாவலைக் காதலை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அதில் வரும் டிராகுலா பிரபுவுக்கு நாயகி மீனாவின் மேல் காதல் என்று எதுவும் கிடையாது. அவளுக்கு அவன் செய்வது வன்முறை மட்டுமே. இறந்துபோன மனைவியே மீனாவாகத் திரும்பி வந்தாள் என்பது 1992இல் கொப்போலா எடுத்த திரைப்படம் சேர்த்தது. பூர்வஜென்ம பந்தத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால், படத்தை நான் ரசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையான பேய்க்காதல் வேண்டுமென்றால், ஸ்டோக்கர் பிறந்த அதே 1847ஆம் ஆண்டில் எமிலி பிராண்டே வெளியிட்ட ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் இருக்கிறது. எமிலியின் தந்தை அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக்காரர். பனிபெய்யும் இரவில் அந்நியன் ஒருவன் சன்னலுக்கு வெளியே கையை நீட்ட, பனிக்கட்டி போன்ற சிறு கை ஒன்று அவன் விரல்களைப் பற்றிக்கொள்கிறது. இருபது ஆண்டுகளாக அலைகிறேன், உள்ளே விடு என்று ஒரு குரல் அழுகிறது. அவன் பயந்து அலறுகிறான். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரன் ஹீத்கிளிஃபோ, தனிமையில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே ஒருமுறை உள்ளே வந்துவிடு என்று, இறந்துபோன தன் காதலியான அந்தப் பேயிடம் கதறுகிறான். ஒரே சன்னல், ஒரே பேய். ஒருவனுக்கு அது திகில், மற்றவனுக்கு அது வராமல் போவதுதான் திகில். இன்றைய அமானுஷ்யக் காதல் நாவல்களில் இன்பமான முடிவு கட்டாயம் என்பதை நான் குறை சொல்லவில்லை, அலுவலகம் முடிந்து ரயிலில் நானும் அவற்றைப் படிக்கிறேன். ஆனால் அவற்றில் பேய் சீக்கிரமே நல்ல மாப்பிள்ளையாகிவிடுகிறது, அந்தச் சன்னல் குளிர் நமக்குக் கிடைப்பதில்லை. பதினொரு வயதான என் மகளுக்கு இந்தச் சன்னல் காட்சியை மட்டும் வாசித்துக் காட்டினேன். கார்மில்லாவுக்கு அவள் இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும்.

வாசனை வந்துவிட்டது, எடுத்துவிடுகிறேன். மேற்பக்கம் வெடித்து, நடுவே ஒரு திராட்சை லேசாகக் கருகியிருக்கிறது, இதுதான் பதம். சென்ற ஆண்டு தஞ்சாவூரிலிருந்து என் அத்தை, அதாவது என் மாமியார், எங்களுடன் வந்து தங்கியிருந்தார். என் கணவரின் தம்பிக்கு மோதிரம் வரட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ரொட்டியை வெட்டினேன், அவருக்குப் பட்டாணி வந்தது. அத்தையின் துண்டில் பட்டர் பேப்பர் பொட்டலம் தட்டுப்பட்டது. அதைப் பிரித்து மோதிரத்தைப் பார்த்தவரிடம், ஓராண்டுக்குள் கல்யாணம் பாட்டி என்று என் மகன் கத்தினான். எல்லோரும் சிரித்தோம். மாமா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அத்தை அந்த மோதிரத்தை மோதிர விரலில் போட்டுப் பார்த்தார், அது கணுவுக்கு மேல் இறங்கவில்லை. “உங்க தாத்தாவுக்கு எப்பவுமே அளவு தெரியாதுடா” என்று மகனிடம் சொல்லிவிட்டு, அதை இரவு முழுவதும் சுண்டு விரலில் போட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது என் மசாலா டப்பாவின் மூடிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார். இதோ, அந்த மோதிரத்தைத்தான் இப்போது காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.