மலை திருப்பிக் கொடுத்த யூனிட்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கார்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். கார் என்றதும் எனக்கு ஏற்காடு மலைப்பாதைதான் கண்ணில் வருகிறது. வளைவோரம் பானட்டைத் தூக்கி வைத்து, ஆவி பறக்க நிற்கிற ஒரு பழைய பத்மினி. அதுதான் என் முதல் கார்.

1992-ல் வாங்கினேன். 1978 மாடல் பிரீமியர் பத்மினி. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிய வண்டி. 1089 சிசி இன்ஜின், 40 குதிரைத்திறன். கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். முன்சீட் ஒரே பெஞ்ச் என்பதால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

அந்தக் காரை வாங்கியது அப்பாவுக்காக. ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர் அவர். எஸ்டேட் கணக்கு, கூலிப் பட்டியல் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று அம்மாவோடு அங்கேயே இருந்துவிட்டார். அப்புறம் நெஞ்சுவலி வந்தது. மாதம் ஒருமுறை சேலத்துக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவதற்குள் அவருக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிடும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சேமிப்பில் இருந்ததை எடுத்தேன், வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புவேன். சோக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அஸ்தம்பட்டி தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் பழைய வாசல் வளைவைத் தாண்டி, அடிவாரத்தில் ஒரு நிறுத்தம். அங்கே ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து டிக்கியில் வைப்பேன். ஒரு பழைய துணியும் கூட இருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் மலையேறியதே இல்லை.

துணி எதற்கு என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மலையேறினால் இன்ஜின் சூட்டில் குழாயில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் உறிஞ்சுவது வெறும் ஆவியை. வண்டி திணறி நின்றுவிடும். ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால், ஆவி குளிர்ந்து மறுபடி பெட்ரோலாகும், வண்டியும் கிளம்பும். ஆவி திரவமாவதைப் பாடப் புத்தகத்தில் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, அது கண்ணெதிரே நடந்தது அந்த வளைவுகளில்தான்.

வளைவுக்கு முன்னால் முதல் கியருக்கு வர வேண்டும். பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஹாரன் அடித்து, எதிரே ஏதாவது இறங்குகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு வழிவிட்டுப் பின்னால் போன பேருந்து ஓட்டுநர்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் பதினான்காவது வளைவில் ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டது. குழாய் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள் டீச்சர் என்று மெக்கானிக் அண்ணன் முந்தின மாதமே சொல்லியிருந்தார், நான்தான் தள்ளிப்போட்டேன். பின்னால் வந்த ஒரு காபி லாரியின் டிரைவர் இறங்கிப் பார்த்தார். நான் ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனேன். "தொடாதீங்கம்மா, முகத்துல அடிக்கும்" என்று தடுத்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு தன் வண்டியிலிருந்து சைக்கிள் டியூபைக் கிழித்து வந்து குழாயைச் சுற்றிக் கட்டி, என் கேன் தண்ணீரை ஊற்றி, ஏற்காடு வரை பின்னாலேயே வந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

மலையில் ரேடியேட்டர் ஏன் கொதிக்கிறது என்று பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1200 மீட்டர். காரும் நாங்களும் சேர்ந்து 1150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குகிற வேலை, நம் மின்கட்டண அட்டையில் வருகிற யூனிட் கணக்கில் சொன்னால் மூன்றே முக்கால் யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியென்றால் அரை லிட்டர் போதுமே? போதாது. அந்தப் பழைய இன்ஜினில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்தாலே பெரிது. தூக்குவதற்கு மட்டும் இரண்டு லிட்டர் குடிக்கும். மீதி நாலு பங்கும் சூடாகச் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போக வேண்டும். வண்டியோ ஊர்ந்து போகிறது. ரேடியேட்டருக்குப் போதிய காற்று இல்லை. கொதிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு, ஏற்காட்டு உயரத்தில் காற்றும் கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. சுவாசிக்கவே சிரமப்படும் இன்ஜின்.

ஆனால் எனக்கு உண்மையில் பயம் ஏறும்போது இல்லை. இறங்கும்போதுதான்.

எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். அப்படித்தான் இறங்குவேன். அப்படியும் எட்டாவது, ஏழாவது வளைவு வரும்போது பிரேக் லைனிங் கருகும் நெடி உள்ளே வந்துவிடும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சூடேறினால் மிதி ஆழமாகப் போகும், பிடிப்பு குறையும். அப்பா பேசிக்கொண்டே வருவார். திடீரென்று நிறுத்திவிட்டு, "ஏம்மா, லைனிங் வாசம் வருது, ஓரங்கட்டு" என்பார். கட்டைச் சுவரில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாக்னசைட் சுரங்கப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். அவருடைய சின்ன வயது எஸ்டேட் கதைகள் எல்லாவற்றையும் நான் கேட்டது பிரேக் ஆறுவதற்காகக் காத்திருந்த அந்த நேரங்களில்தான்.

இரண்டு லிட்டர் பெட்ரோலும், கொதித்த தண்ணீரும், லாரி டிரைவரின் உதவியும் சேர்ந்து மேலே ஏற்றிய அந்த மூன்றே முக்கால் யூனிட் இருக்கிறதே, அதில் கொஞ்சம் டயரிலும் காற்றிலும் போய்விடும். மீதி முழுக்க பிரேக் டிரம்மிலும் இன்ஜினிலும் சூடாகி வீணாகும். ஒரு கிலோவாட் வெந்நீர் ஹீட்டரை மூன்றே முக்கால் மணி நேரம் போட்டுவிட்டு, அந்த வெந்நீரைக் குளிக்காமல் சாக்கடையில் ஊற்றுவதுபோல. ஒவ்வொரு பயணத்திலும் அது என் மனதை உறுத்தும்.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். 2022-ல் அவள் ஒரு மின்சார கார் வாங்கினாள். 30 யூனிட் கொள்கிற பேட்டரி. வீட்டில் 15 ஆம்ப் பிளக்கில் இரவு போட்டால் காலையில் நிறைந்திருக்கும். முதல் முறை மலையேறியபோது நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில் அடிவாரம் வந்ததும் கேனை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன். கியர் இல்லை, கிளட்ச் இல்லை. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும். அதற்குச் சுவாசிக்கக் காற்றும் தேவையில்லை. பதினான்காவது வளைவை ஒரு மூச்சில் ஏறிவிட்டது. சத்தமே இல்லாததால் குரங்குகள்கூடக் கடைசி நொடியில்தான் நகர்ந்தன. காதால் கேட்டு ஒதுங்குகிற வழக்கம் இந்த வண்டிக்கு உதவாது; வளைவில் கட்டாயம் ஹாரன் அடித்தாக வேண்டும்.

புறப்படும்போது பேட்டரியில் 90 சதவீதம். ஏற்காடு ஏரிக்கு அருகே 61. சரி, மலை என்றால் தின்னத்தான் செய்யும். மறுநாள் இறங்கும்போதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏற்காட்டை விட்டுக் கிளம்புகையில் 55 இருந்தது. மகள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வண்டி தானாகவே பிடித்து நிதானமாக இறங்கியது. பத்தாவது வளைவில் 58. அடிவாரத்தில் 62. தெருவில் ஏற்கெனவே செலவழித்த பணத்தை யாரோ பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

வித்தை ஒன்றும் இல்லை. பழைய சைக்கிள் டைனமோ நினைவிருக்கிறதா? அதைச் சக்கரத்தோடு ஒட்டவைத்தால் விளக்கு எரியும், மிதிப்பதும் கனக்கும். அந்தக் கனம்தான் இங்கே பிரேக். ஏறும்போது மோட்டாராக இருந்தது இறங்கும்போது டைனமோவாகிறது. இன்னும் நம் ஊர்க் கதையாகச் சொன்னால், மேட்டூர் அணையில் தேங்கிய தண்ணீர் இறங்கி வந்து டர்பைனைச் சுழற்றுகிறதே, அதே வேலையை இந்தக் கார் செய்கிறது. இறங்குகிற தண்ணீருக்குப் பதில் இறங்குகிற கார்.

ஒருமுறை மகள் மேலேயே இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, 100-ல் இறங்கினாள். காலை எடுத்தும் வண்டி பிடிக்கவில்லை என்று பதறிப் போய் போன் செய்தாள். பேட்டரியில் இடம் இல்லாதபோது வருகிற மின்சாரத்தை எங்கே வைப்பது? மலைமேல் தங்குகிறவர்கள் 80-க்கு மேல் போடாதீர்கள். மிச்ச இடம் மலை கொடுப்பதற்கு.

பெட்ரோலுக்கும் நியாயம் பேச வேண்டும். மேட்டூரில் அணை மட்டுமா இருக்கிறது, நிலக்கரி எரிக்கிற அனல்மின் நிலையமும் இருக்கிறதே. மகளின் காரில் புகைக்குழல் இல்லை என்றாலும், புகை அங்கே வருகிறது. அனல்மின் நிலையத்திலும் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்தான் மின்சாரமாகிறது. சென்னைக்கு 340 கிலோமீட்டர் என்றால் வழியில் ஒருமுறையாவது, பெரும்பாலும் இரண்டு முறை நின்று சார்ஜ் போட வேண்டும். ஒரு தடவை நாங்கள் போய் நின்ற இடத்தில் இயந்திரம் வேலை செய்யாமல் மூன்று மணி நேரம் வீணானது. பேட்டரி கெட்டால் செலவு பெரியது. சைக்கிள் டியூபால் கட்டிச் சரிசெய்கிற வண்டியும் இல்லை அது. வீட்டில் நிறுத்த இடமோ பிளக்கோ இல்லாதவர்களை மின்சார கார் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காடு போய்வருகிறவர்களுக்கு, இந்த மலைக்கென்றே செய்தது போன்ற வண்டி அது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா இருந்திருந்தால், லைனிங் வாசம் வராத அந்த இறக்கத்தில் எங்கே ஓரங்கட்டச் சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். இப்போதும் அந்தக் கட்டைச் சுவர் வந்தால் மகளை நிறுத்தச் சொல்வேன். அவளுக்குக் காரணம் தெரியும்.

மே மாதம் கோடை விழாவுக்கு மலையேறப் போகிறவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். மின்சார காரில் போனால், இறங்கத் தொடங்குமுன் பேட்டரி சதவீத எண்ணைப் பிள்ளைகளை விட்டு ஒரு தாளில் எழுதவையுங்கள். அடிவாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் காரில் போனால், அடிவாரத்தில் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டு, முன்சக்கரத்தின் அருகே ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டச் சொல்லுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். அந்த அனல்தான் மற்ற காரில் கூடிய எண்.

வணக்கம்.